வியாழன் பலத்த காற்று, வெள்ளி தெளிவான வானம்: செடிகளை எந்த இரவில் காப்பது?

கேள்வி

எங்கள் பகுதிக்கான முன்னறிவிப்பை அப்படியே தருகிறேன். வியாழன்: தென்மேற்கிலிருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று, இடையிடையே 70 கி.மீ. வரை, மதியத்துக்கு மேல் மழையுடன் வடமேற்குக்குத் திரும்பும். அதிகபட்சம் 14 டிகிரி, இரவில் 5, உணரும் வெப்பநிலை மைனஸ் 1. வெள்ளி: காற்று தணியும், வானம் தெளிவாக இருக்கும், இரவில் 3 டிகிரி.

நாங்கள் இருப்பது நான்காவது மாடி. பால்கனியில் தொட்டிச் செடிகள் நிறைய. கீழே பொதுத் தோட்டத்தில் ஒரு பாத்தியும் என் பொறுப்பில் இருக்கிறது. குளிர் தாங்காத பூச்செடிகள் அதில் இன்னும் பூத்துக்கொண்டிருக்கின்றன. மைனஸ் 1 என்று போட்டிருப்பதால் வியாழன் இரவே எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்கிறார் என் கணவர். 40, 70 இரண்டில் எதைக் கணக்கில் எடுக்க வேண்டும்? வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன், அதையும் சொல்லுங்கள்.

பதில் 1

40 என்பது சராசரி. திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில், பெரும்பாலான நாடுகளில் 10 நிமிடச் சராசரியாக அதைக் கணக்கிடுகிறார்கள். 70 என்பது சில நொடிகளே நீடிக்கும் வீச்சு. சைக்கிளுக்கு 70-ஐத்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வரும் ஒரு வீச்சு போதும், வண்டி பாதையை விட்டு விலகிவிடும். வியாழன் மட்டும் பஸ்ஸில் போங்கள்.

பதில் 2

முதல் பதில் சரி. அதோடு ஒன்று: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 35 கி.மீ. காற்றோடு ஒப்பிட்டால் 70 கி.மீ. காற்று இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தள்ளும். காற்றின் வலிமையை எண்களால் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் 40 என்றால் 6-ஆம் எண்; குடை பிடிப்பது கஷ்டம். 70 என்பது 8-ஆம் எண்ணுக்குரிய வேகம். அந்த வேகத்தில் சுள்ளிகள் முறிந்து விழும்.

இப்போது செடிக்கு வருகிறேன். இதில் எனக்கு ரொம்ப அக்கறை உண்டு. என் தோட்டத்தில் ஒரு வெப்பமானியைத் தலை உயரத்திலும் இன்னொன்றைப் புல்லோடு ஒட்டியும் வைத்திருக்கிறேன். இலையுதிர்காலம் முழுக்க இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்: வியாழன் இரவு மூடாதீர்கள். மூட வேண்டியது வெள்ளி இரவு.

மைனஸ் 1 என்பது காற்றின் வெப்பநிலையே இல்லை. நம் தோலிலிருந்து வெப்பத்தைக் காற்று எவ்வளவு வேகமாகப் பறிக்கிறது என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. 5 டிகிரியில் 40 கி.மீ. காற்று வீசினால் கணக்கு மைனஸ் 1 என்று வரும். ஆனால் செடியோ, தண்ணீர்க் குழாயோ, வாளித் தண்ணீரோ அந்தக் காற்றால் 5-க்குக் கீழே போகாது. 5-ஐ எட்டுவது மட்டும் சீக்கிரம் நடக்கும். மைனஸ் 1-ஐப் பார்த்து நீங்கள் தடிமனான சட்டை போடலாம், செடிக்கு அந்த எண் பொருந்தாது.

உறைபனிக்குத் தேவை அசையாத காற்றும் தெளிந்த வானமும். இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். காற்று வீசினால் மேலே இருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து தரையை ரொம்பக் குளிரவிடாது. மேகம் இருந்தாலும் அது ஒரு போர்வை. வெள்ளி இரவு இந்த இரண்டு காவலும் இருக்காது. 3 டிகிரி என்று அவர்கள் சொல்வது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் போல உயரத்தில், நிழலில் இருக்கும் வெப்பநிலை. அமைதியான இரவில் புல்லோடு ஒட்டிய வெப்பமானி அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகக் காட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் 3 என்றால் உங்கள் பாத்தியில் 0 அல்லது அதற்கும் கீழே என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் மதியத்துக்கு மேல் காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும் என்று இருக்கிறதே, அந்த வரி முக்கியமானது. குளிர் வளிமுகம் ஒன்று, அதாவது வெதுவெதுப்பான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடக்கப்போகிறது என்று பொருள். அது வரும்வரை காற்றழுத்தம் இறங்கும், கடந்ததும் ஏறும், வெப்பநிலை சட்டென விழும். ஆகவே அந்த 14 டிகிரி மதியத்துக்கு முன்பே வந்து போய்விடலாம். காலையில் கிளம்பும்போது இருக்கும் இதத்தை நம்பி மெல்லிய உடையில் போகாதீர்கள். திரும்பி வரும் நேரம் மழையில் நனைந்த உடம்பு, எதிர்க்காற்று, 7 அல்லது 8 டிகிரி என்று இருக்கும். மணிக்கணக்கில் பிரித்துக் காட்டும் அட்டவணை கிடைத்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். நாளின் அதிகபட்சம் என்ற ஒற்றை எண் இந்த மாதிரி நாட்களில் ஆளை ஏமாற்றிவிடும்.

பதில் 3

மரங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தப் பருவத்தில் மரங்களில் இலை இன்னும் நிறைய இருக்கும், அத்தனையும் காற்றைப் பிடிக்கும். மழையில் ஊறிய மண்ணில் வேரின் பிடியும் தளர்ந்திருக்கும். 1987 அக்டோபர் 15 இரவு தொடங்கி 16 அதிகாலை வரை தெற்கு இங்கிலாந்தில் அடித்த புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்ததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள். இங்கே 70 என்பது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராதுதான். ஆனாலும் பெரிய மரத்தடியில் நிற்காதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள். காய்ந்த கிளைக்கு 70 போதும். உதிர்ந்த இலைகள் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும், புதன்கிழமையே அள்ளிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பதில் 2 எழுதிய அண்ணா, அப்படியானால் நான்காவது மாடித் தொட்டிகளுக்கும் வெள்ளி இரவுதான் ஆபத்தா? எல்லாவற்றையும் உள்ளே வைக்க வீட்டில் இடம் இல்லை.

பதில் 2

இல்லம்மா, உங்கள் பால்கனிக்குக் கணக்கு தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது, தரைமட்டத்தில்தான் தேங்கும். நான்காவது மாடி அதற்கு மேலே இருக்கிறது. தலைக்கு மேல் கூரை இருந்தால் செடிகள் வானத்துக்கு வெப்பத்தை இழப்பதும் குறையும், சுவரும் பகலில் வாங்கிய வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் வெள்ளி இரவு தொட்டிகளைச் சுவரோடு நெருக்கி வைத்தாலே பெரும்பாலும் போதும். ரொம்ப மென்மையான ஒன்றிரண்டை மட்டும் உள்ளே எடுங்கள்.

பால்கனிக்கு வியாழக்கிழமைதான் கவலை. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும், கட்டடத்தின் மூலைகளில் இன்னும் பாயும். கைப்பிடிச் சுவரின் மேல் இருக்கும் தொட்டிகள், தொங்கும் தொட்டிகள் எல்லாவற்றையும் புதன் இரவே தரையில் இறக்கிவிடுங்கள். அவை விழுந்தால் உங்கள் செடி போவது ஒரு பக்கம், கீழே நடப்பவர் தலை என்ன ஆவது? உயரமான செடிகளைப் படுக்க வைத்தாலும் பாதகமில்லை. நிற்க வைக்கிறவற்றுக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டி கனக்கும், அடிக்கிற காற்றில் இலை வாடுவதும் குறையும்.

கீழே இருக்கும் பாத்திக்கு வெள்ளி சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, பழைய போர்வையோ கனமான துணியோ போர்த்துங்கள். துணியின் ஓரம் தரையைத் தொட வேண்டும், மண்ணின் வெப்பத்தைப் பிடித்து வைப்பது அதுதான். நான்கு குச்சி நட்டு அதன்மேல் போட்டால் துணி இலையில் படாது. பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது தொடும் இடத்தில் இலை கருகும். சனி காலை வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

வியாழன் இரவு மட்டும் போர்த்திவிடாதீர்கள். அந்தக் காற்றில் துணியும் போகும், செடியையும் சேர்த்து ஒடிக்கும். கணவரிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். வெள்ளி மதியம் புதிய முன்னறிவிப்பு வந்ததும் மேகமா தெளிவா என்று பார்த்து இங்கே போடுங்கள். மேகம் என்று மாறியிருந்தால் போர்த்தும் வேலையே தேவைப்படாமல் போகலாம்.