டெக்சாஸில் புள்ளிமான் வேட்டை: .308 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா?

ஆஸ்டின்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கெர்வில் நகரை அடுத்த ஒரு பண்ணையில் அடுத்த மாதம் புள்ளிமான் வேட்டைக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்து, மாநில உரிமமும் எடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மறைவிடத்திலிருந்து தீவனத் தொட்டி ஏறத்தாழ 100 கஜம் என்றும், 150 கஜத்துக்கு அப்பால் சுட வேண்டிய தேவை அநேகமாக வராது என்றும் பண்ணைக்காரர் சொல்கிறார்.

கடையில் இந்த ஒரே ரைஃபிளுக்கு 110 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) முதல் 180 கிரெயின் வரை, ஈயமுனை, பிணைப்புக் குண்டு, முழுச் செம்பு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் மானுக்குப் போதும் என்ற ஒரே பதில்தான் வருகிறது. நண்பர் ஒருவரோ, புள்ளிமான் லேசில் விழாது, இதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் வாங்கிக்கொள் என்கிறார். இலக்குப் பயிற்சிக்கு வாங்கிய முழு உறைக் குண்டுகள் (முனையையும் உலோக உறை மூடியவை) ஒரு பெட்டி மிச்சம் இருக்கின்றன; அவற்றைப் பயன்படுத்தலாமா என்பதையும் சொல்லுங்கள். இறைச்சி வீட்டுச் சமையலுக்குத்தான். சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

மலைச்சரிவு:

முழு உறைக் குண்டை மானின் மேல் பயன்படுத்தவே கூடாது. அது உடலுக்குள் விரியாமல் ஊசி போல நுழைந்து மறுபக்கம் போய்விடும்; மான் பல நூறு கஜம் ஓடி, புதரில் எங்கோ கிடந்து மெல்லச் சாகும். பல மாநிலங்கள் இதைச் சட்டத்தாலேயே தடுத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் மானுக்கு விரியும் குண்டுதான் சட்டப்படி செல்லும். கொல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதசாலையின் பெயரால் அறியப்பட்ட விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாதென்று 1899-இல் ஹேக் மாநாடு அறிவித்தது. வேட்டையிலோ விலங்கு விரைவாகச் சாக வேண்டும் என்பதற்காக அதே விரிதல் கட்டாயமாகிறது.

மேக்னம் உங்களுக்குத் தேவையில்லை. 150 கிரெயின் .308 குண்டு குழாயை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,800 அடி வேகத்தில் கிளம்புகிறது. 100 கஜத்தைத் தொடும்போதும் 2,500 அடி அளவில் இருக்கும். புள்ளிமான் ஆண் 150 முதல் 200 பவுண்டு வரை, சில அதற்கு மேலும் தேறும். இந்தப் பக்கத்து வெள்ளைவால் மானைவிட நிச்சயம் கனமானது, உரமானதும்கூட. ஆனாலும் இந்தத் தூரத்தில் .308-க்கு அது பெரிய சவால் இல்லை. மேக்னத்தின் உதைப்புக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் வந்துவிட்டால் எந்தத் தோட்டாவும் உதவாது. ஐயமிருந்தால், பயிற்சித் திடலில் நண்பரை விட்டு, நீங்கள் பார்க்காதபோது ரைஃபிளின் தோட்டாப் பெட்டகத்தில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்; அது ‘கிளிக்’ என்று மட்டும் ஒலிக்கும் கணத்தில் துப்பாக்கி முனை கீழே குத்துகிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆகவே கேலிபரை (குழாய் விட்ட அளவை) மறந்துவிட்டுக் குண்டின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். சாதாரண ஈயமுனைக் குண்டு, செம்பு உறைக்குள் ஈயம் அடைத்தது. 1939 முதல் விற்கும் ரெமிங்டன் கோர்-லாக்ட் இந்த வகை. பக்கவாட்டில் நிற்கும் மானின் விலாவுக்கு இது தாராளமாகப் போதும். பிளாஸ்டிக் முனை வைத்து வேகமாக விரியும்படி செய்த மெல்லிய உறைக் குண்டுகளைத்தான் நான் தவிர்ப்பேன்: அருகில் சுடும்போது அவை தோள் எலும்பில் பட்டுச் சிதறிவிடும்; தோலுரித்துப் பார்த்தால் முன்சப்பை முழுவதும் கருஞ்சிவப்பாகக் கட்டி, கையால் வழித்து எறிய வேண்டிய குழம்பாக இருக்கும். உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டிய பிணைப்புக் குண்டு, 150 அல்லது 165 கிரெயினில், என் பரிந்துரை. மான் சற்றுச் சாய்வாக நின்றாலும் நெஞ்சுக்கூடு வரை ஊடுருவும்.

செம்புப்பிரியன்:

மலைச்சரிவு ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழந்தைகள் உண்ணும் இறைச்சி என்று கேள்வியிலேயே இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றித் தெறிக்கின்றன. 2008-இல் வட டகோட்டாவில் மருத்துவர் வில்லியம் கார்னட்சர், ஏழைகளுக்காக நன்கொடையாக வந்த மான் இறைச்சிப் பொட்டலங்களை ஸ்கேன் செய்து பார்க்க, பலவற்றில் உலோகத் துகள்கள் தெரிந்தன. அந்த இறைச்சியை வழங்க வேண்டாமென்று உணவு வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. குறிப்பாக, அரைத்த கறியில் எந்தத் துகள் எங்கே போனது என்று சொல்லவே முடியாது. கலிஃபோர்னியாவில் கான்டோர் கழுகுகளைக் காக்கும் நோக்கில் வந்த சட்டத்தால், 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. டெக்சாஸில் மானுக்கு அப்படிக் கட்டாயமில்லை என்றாலும், வீட்டுக்காக நாமே செய்துகொள்ளலாமே.

முழுச் செம்புக் குண்டு இதழிதழாக மலர்ந்து, பெரும்பாலும் எடை குறையாமல் வெளியேறும். இரண்டு விஷயங்கள் மட்டும் நினைவிருக்கட்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் ஒரே எடைக்குக் குண்டு நீளமாகும். அது நன்றாக விரிய வேகமும் வேண்டும். ஆகவே 165 கிரெயின் ஈயத்துக்குப் பதில் 130 அல்லது 150 கிரெயின் செம்பு வாங்குங்கள்.

மலைச்சரிவு:

ஏற்கிறேன். இருந்தாலும், ஈயத்தில் சுடுவோர் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்து, விலாவுக்கு அருகிலுள்ளதை அரைவைக்குப் போடாமல் இருந்தாலே பாதிப்பைப் பெருமளவு குறைக்கலாம் என்பது என் கருத்து. செம்பில் சுட்ட மான் சில நேரம் கூடுதலாக நாற்பது, ஐம்பது கஜம் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் எதைத் தேர்வேன் என்று கேட்டால், நானும் செம்புதான் என்பேன்.

ஆஸ்டின்வாசி:

மிக்க நன்றி. 150 கிரெயின் செம்பு என்று முடிவு செய்கிறேன். இப்போது ஸ்கோப் (ரைஃபிளின் குறிபார்க்கும் தொலைநோக்கி) 147 கிரெயின் பயிற்சித் தோட்டாவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. எடை கிட்டத்தட்ட ஒன்றுதானே, அப்படியே விடலாமா? இன்னொன்று: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். தோட்டா வாங்குவதில் சிக்கல் உண்டா?

குறிபார்ப்பவன்:

அப்படியே விடக் கூடாது. எடை ஒன்றாக இருந்தாலும் குண்டின் நீளம், வெடிமருந்து, வேகம் எல்லாம் மாறும்போது குண்டு படும் இடமும் மாறும். 100 கஜத்தில் சில அங்குலம் விலகுவது சாதாரணம். குழாயில் படிந்த பழைய செம்புக் கறையை நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு நிறுவனங்களின் 150 கிரெயின் செம்புத் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்கி, மேசையில் மணல்மூட்டை வைத்து மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாகக் குவிகிறதோ அதுவே உங்கள் ரைஃபிளுக்கு ஏற்றது. பெயரோ விலையோ முக்கியமில்லை. பிறகு அதற்கு ஸ்கோப்பைச் சரிசெய்து, மறைவிடத்தில் எப்படி உட்காருவீர்களோ அதே நிலையில் சுட்டுப் பழகுங்கள்.

விசா பற்றி: குடியேற்றமில்லா விசாவில் இருப்போர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. இங்கே கவனம் தேவை. டெக்சாஸில் புள்ளிமான் வெளிநாட்டு இனமாகக் கருதப்படுவதால் அதற்கு வேட்டைப் பருவம் என்று எதுவும் இல்லை, ஆண்டு முழுவதும் சுடலாம். ஆனால் மாநில ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். செப்டம்பர் முதல் நாள் புதிய உரிமம் கையில் இல்லாமல் ரைஃபிள் வீட்டில் இருந்தால், மான் விஷயம் இருக்கட்டும், உங்கள் விசாவே சிக்கலாகலாம். கடைக்காரரின் வாய்வார்த்தையை நம்பாமல் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நல்லபடியாகக் குவியும் தோட்டா கிடைத்ததும், பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் இன்னும் இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.