ரேஷன்ல சர்க்கரை, பாமாயிலை நிறுத்திப் போடலாமுங்களா?

காங்கேயத்தான்:
அமெரிக்காவுல உணவு உதவி அட்டைக்குக் கூல்டிரிங்க்ஸ் குடுக்கக் கூடாதுன்னு சில மாநிலத்துல தடை வருது. அந்தத் தடைக்கு 2025-ல அங்கத்த மத்திய அரசுகிட்ட முதல் அனுமதி வாங்குனது நெப்ராஸ்கா மாநிலம். நம்ம ரேஷன்லயும் சர்க்கரை, பாமாயிலை நிறுத்திட்டு நாட்டுச்சர்க்கரை, தேங்காய் எண்ணெய் போட்டா சனங்க உடம்புக்கும் நல்லது, பொள்ளாச்சி, காங்கேயம் விவசாயிக்கும் விலை கிடைக்குமுங்களே? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பவானிக்கரை:
விவசாயிக்கு விலை கிடைக்கும்கிறது நியாயமுங்க. உடம்புக் கணக்குத்தான் ஒத்து வரல. பாமாயில்ல நிறைவுற்ற கொழுப்பு பாதிக்குப் பாதி, தேங்காய் எண்ணெயில 80 சதவீதத்துக்கு மேல. கடலை எண்ணெயில 20-ஐ ஒட்டித்தான். ஆரோக்கியத்தைச் சொல்லிக் கேக்கறதுன்னா கடலை எண்ணெயைக் கேளுங்க. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போற சரக்கு, தரத்துல குறை சொல்ல முடியாது. ஆனா சர்க்கரை நோய்க்காரருக்கு அதுவும் சர்க்கரைதான். மழைக்காலத்துல ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், குடோன்ல மாசக்கணக்கா வைக்க முடியாது.

அளவையும் பாருங்க. நாலு பேர் இருக்கற கார்டுக்கு மாசம் 2 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் பாமாயில். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சர்க்கரை 17 கிராம், எண்ணெய் 8 கிராம்கூட இல்ல. சர்க்கரை 25 கிராமுக்குள்ள நின்னா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கறதை நிறுத்தினா அந்த வீடு கடலை எண்ணெய்க்கு மாறாது. அதே பாமாயிலை மளிகைக் கடையில பல மடங்கு விலை குடுத்து வாங்கும், அந்தக் காசு காய்கறியிலதான் குறையும்.

அரூர் பக்கம்:
மாத்த வேண்டியது அரிசியைத்தானுங்க. அதே கார்டுக்கு 20 கிலோ, ஆளுக்குத் தினம் 165 கிராமுக்கு மேல வருது. தர்மபுரி, நீலகிரியில 2023-ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க. நூறு கிராம் ராகியில கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல, அரிசியில பத்தை ஒட்டித்தான்.

சிக்கல் மில்லுல வருது. முழு ராகியைக் கல் பொறுக்கி, அலசி, நல்லா வெயில்ல காயவெச்சுத்தான் அரைக்கணும். ஈரம் நின்னா மாவு சீக்கிரம் கெட்டுரும். 2 கிலோவை மட்டும் கொண்டு போனா முந்தி அரைச்ச மாவு கலந்து வரும், அதனால ரெண்டு மாசத்தைச் சேர்த்து அரைங்க. சலிச்சுத் தவிட்டைக் கொட்டிட்டா நார்ச்சத்து போச்சு. கடையிலயே மாவாக் குடுக்கச் சொல்லாதீங்க, கலப்படம் கண்ணுக்குத் தெரியாது.

காங்கேயத்தான்:
அப்ப கிராம சபையில என்னன்னு கேக்கறதுங்க?

பவானிக்கரை:
தடைன்னு எழுதாதீங்க. அரிசிக்குப் பதில் ராகி, பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய், எது வேணும்கிறது கார்டுதாரர் விருப்பம்னு எழுதுங்க. அமெரிக்காவுல மாசாசூசெட்ஸ் மாநிலத்துல 2011-12-ல எதையும் தடுக்காம, உணவு உதவி அட்டைக்காரங்க காய், பழத்துக்குச் செலவு பண்ற ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பிக் குடுத்தாங்க. அவங்க சாப்பிட்ட காய், பழம் கால் பங்குக்கு மேல கூடுச்சு. விருப்பம் பில்லுலயே பதிவாகணும், அதையும் தீர்மானத்துல சேருங்க. இல்லேன்னா ராகி வாங்கினாத்தான் அரிசின்னு கட்டாயம் பண்ணுவாங்க.