பொருத்தமா, இணையா? பீர் விருந்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

சிற்றாலைகளில் தயாராகும் கிராஃப்ட் பீரையும் உணவையும் சேர்த்துப் பரிமாறும் விருந்துகளில் 'பேரிங்' (pairing) என்கிறார்களே, அதற்குத் தமிழில் பொருத்தம், ஒத்திசைவு, துணையுணவு என்று மூன்று சொற்கள் நம் சொல்லாக்க உரையாடலில் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு நிறைவாக இல்லை. முதலில் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு தட்டோடும் சிறிய கோப்பையில் ஒரு பீர் வரும். இலேசானது முதலில், கனமானது கடைசியில். வரிசை மாறினால், கசப்பேறிய நாக்குக்குப் பின்னால் வரும் கோதுமை பீர் வெறும் தண்ணீராகத் தெரியும். ஒரு வாய் உணவு, ஒரு மடக்கு பீர், மறுபடி உணவு என்று மாற்றி மாற்றிச் சுவைக்க வேண்டும். இரண்டாவது வாயில் உணவின் சுவை மாறியிருக்கும். இந்த விருந்தின் உயிரே அந்த மாற்றம்தான்.

மாற்றம் ஒரே வகையானதும் இல்லை. வறுத்த இறைச்சியோடு பழுப்பு ஏல் என்ற பீர் வகை நன்றாகச் சேரும். இறைச்சி சிவக்கும்போதும், பீருக்காக முளைகட்டிய பார்லியைச் சூடேற்றி உலர்த்தும்போதும் நடப்பது, சூட்டில் நிறமும் மணமும் தரும் ஒரே மயிலார்ட் வினை. அதனால் இரண்டிலும் ஒரே குடும்பத்து மணம். சிப்பியும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரும் அப்படியல்ல. ஒன்று கடலின் உப்பு, மற்றது கருக வறுத்த தானியத்தின் கசப்பு. ஆனாலும் இது பழைய, புகழ்பெற்ற சேர்க்கை. கொழுப்பு மிகுந்த பாலாடைக்கட்டியோடு கசப்பு தரும் ஹாப்ஸ் பூ தூக்கலான பீர் வைப்பது இன்னொரு வகை. பீரின் கசப்பும் நுரைக்கும் வாயுவும் நாக்கில் படிந்த கொழுப்பை எடுத்துவிட, அடுத்த வாய் திகட்டாமல் இறங்குகிறது.

ஒத்திசைவு என்ற சொல் இதில் முதல் வகைக்கு மட்டும்தான் சரி. துணையுணவு என்றால் பீர் தலைமை, உணவு எடுபிடி என்று ஆகிவிடும். இங்கே இரண்டும் சமம். பொருத்தம் நல்ல சொல்தான், ஆனால் அது விளைவைச் சொல்கிறது. கடும் காரமான உணவோடு கசப்பும் ஆல்கஹாலும் மிகுந்த ஐபிஏ என்ற பீர் வகையை வைத்தால் எரிச்சல் கூடும். அதுவும் ஒரு பேரிங்தான், தோற்றுப்போன பேரிங். 'பொருந்தாத பொருத்தம்' என்று நம்மால் எழுத முடியுமா? 'பொருந்தாத இணை' என்று தடையில்லாமல் எழுதலாம்.

எனவே என் பரிந்துரை: சுவையிணை. செயலுக்குச் சுவையிணைப்பு, விருந்துக்குச் சுவையிணை விருந்து. இணைப்பு என்று மட்டும் விட்டால் மின்னஞ்சலோடு வரும் கோப்பு நினைவுக்கு வரும் என்ற கவலை நியாயம்; 'சுவை' முன்னால் நின்றால் அது தீர்ந்துவிடும்.

உள்வகைகளுக்கு யாப்பிலிருந்தே எடுக்கலாம். தொடை வகைகளில் இயைபும் உண்டு, முரணும் உண்டு. எதிரெதிரானவற்றைச் சேர்த்துத் தொடுப்பதும் அழகுதான் என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே இயைபிணை, முரணிணை. 'சுவைத்தொடை' என்று ஆசையாக ஒரு சொல் தோன்றியது; இறைச்சி வரும் மேசையில் குழப்பும் என்பதால் விட்டுவிட்டேன். மூன்றாவது வகைக்குத் திகட்டறுப்பு.

அப்புறம், கிராஃப்ட் பீர். 'கைவினை பீர்' எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கத்தின் வரையறை, ஆலை சிறியதா, சுதந்திரமானதா என்றுதான் பார்க்கிறது. கையால் செய்ததா என்று கேட்பதில்லை. சிற்றாலை பீர் என்று சொல்லலாம். பீர் பீராகவே இருக்கட்டும்.

ஆலையை 'வடிப்பாலை' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். விஸ்கி வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், வடிக்கப்படுவது. பீர் நொதிப்பது, காய்ச்சி வடிப்பதில்லை. சங்கப் பாடல்களில் கள்ளை 'அடுதல்' என்றே வருகிறது. சமைப்பதற்கும் அதே வினை. 'அடுமனை' பேக்கரிக்குப் போய்விட்டதால் 'பீர் ஆலை' போதும்.

சமையலறையில் வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால் திகட்டறுப்பு பற்றி மட்டுமாவது எழுதுங்கள். உங்கள் வாயில் இயல்பாக வரும் சொல் வேறு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.