பேரூராட்சி யார் கைக்கு? ஓட்டு எண்ணிக்கையை நம்பிச் சங்கப் பணத்தைக் கட்ட வேண்டாம்

சங்கத்து அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

பேரூராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. துபாய், பெங்களூரு, சென்னை எங்கிருந்து போன் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தடவை நம்ம ஊர் மாறுமா?" அதை ஊர்தான் சொல்ல வேண்டும். மாறினால் எந்த நாளில் மாறும், வடிகாலுக்கு நாம் சேர்த்து வைத்திருக்கிற பணத்தை அதுவரை என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எண்ணிக்கை முடிந்ததும் வெடி போடுவார்கள். அதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. 2022-இல் பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவிப் பிரமாணம், மார்ச் 4 தலைவர் தேர்தல். தலைவருக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை, கவுன்சிலர்கள்தான் போடுகிறார்கள். ஆகவே எண்ணிக்கைக்கும் தலைவர் தேர்தலுக்கும் நடுவில் இருந்த அந்தப் பத்து நாளில்தான் பல ஊர்கள் கை மாறின.

15 வார்டு என்று வையுங்கள். தலைவராக 8 வேண்டும். ஒரு கட்சிக்கு 7, இன்னொன்றுக்கு 6, சுயேச்சை 2 என்று வந்தால் ஊர் அந்த ரெண்டு பேர் கையில். அதிலும் சுயேச்சை என்று எழுதியிருப்பவரெல்லாம் சுயேச்சை இல்லை. கட்சி தன் வேட்பாளருக்குச் சின்னம் கிடைக்கக் கொடுக்கிற பி படிவம் கிடைக்காமல் தனிச் சின்னத்தில் நின்று ஜெயித்தவரும் உண்டு. அவர் திரும்பி வருவாரா, எதிரணிக்குப் போவாரா என்பது துணைத் தலைவர் பதவி யாருக்கு என்கிற பேச்சில் தெரிந்துவிடும். 2022-இல் தலைவர் தேர்தல் காலை 9.30, துணைத் தலைவர் தேர்தல் மதியம் 2.30. காலையில் போட்ட ஓட்டுக்கு மதியம் கணக்குத் தீர்ந்துவிடும். கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய், போனை வாங்கி வைத்துக்கொண்டு, காலை ஒன்பதரைக்கு நேரே அலுவலக வாசலில் இறக்குவது எல்லாக் கட்சியும் செய்கிற காரியம்தான்.

இவ்வளவு காவல் எதற்கு? ஓட்டு ரகசியச் சீட்டு. கட்சித் தாவல் தடைச் சட்டமும் நாடாளுமன்றம், சட்டமன்றத்தோடு நிற்கிறது, கவுன்சிலரைத் தொடாது. மாற்றிப் போட்டவரைக் கட்சியிலிருந்து நீக்கலாம், பதவியிலிருந்து நீக்க முடியாது. 2022-இல் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர், துணைத் தலைவர் இடங்களில் போட்டி போட்டு ஜெயித்த தன் கட்சிக்காரர்களை ராஜினாமா செய்யச் சொல்லி அப்போதைய முதல்வர் ஸ்டாலினே அறிக்கை விட வேண்டி வந்தது.

பலரும் கவனிக்காதது இட ஒதுக்கீடு. தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கு என்று வந்தால், 9 வார்டு ஜெயித்த கட்சியிலும் அப்படி ஒருவர் ஜெயித்திருக்க வேண்டும். அவர் தோற்றால் 9 பேரும் கையைப் பிசைந்துகொண்டு எதிரணிக் கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டியதுதான். எனவே வேட்பாளர் பட்டியலைப் பார்க்கும்போது மொத்தத்தை எண்ணாதீர்கள். தலைவராகத் தகுதி உள்ளவர் எந்தெந்த வார்டில் நிற்கிறார் என்று பாருங்கள்.

அதே 15 வார்டில் தலைவரை ஏற்றுவதற்கு 8 போதும், இறக்குவதற்கு 12 வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு. ஆகவே ஆளுங்கட்சி மாறாமல் ஆள் மட்டும் மாறுவதுதான் அதிகம். சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டு. 2022-இல் 15க்கு 15 வந்து குலுக்கல் சீட்டில் தலைவர் முடிவானார். 2025 ஜூலையில் 28 பேர் சேர்ந்து அவரை இறக்கினார்கள். அடுத்து வந்தவரும் அதே கட்சி. நெல்லை மாநகராட்சியில் 2024 ஜனவரியில் மேயர் மேல் தீர்மானம் கொடுத்தவர்களே கூட்டத்துக்கு வரவில்லை, தீர்மானம் விழுந்தது. அப்புறம் ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் நடந்த தேர்தலில் ஜெயித்தவருக்கு 30 ஓட்டு, எதிர்த்து நின்றவருக்கு 23. அந்த 23 வாங்கியவரும் அதே கட்சிக் கவுன்சிலர்தான்.

இனி நம்ம பணம். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாம் கட்டினால் மீதியை அரசு போடும். மதிப்பீடு 9 லட்சம் என்றால் நம்ம பங்கு 3 லட்சம். விண்ணப்பத்தைச் செயல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். பொறியாளர் மதிப்பீடு, மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று போகும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் நடத்தை விதி வந்துவிடும். தொடங்கிய வேலை நடக்கலாம், புது வேலைக்கு உத்தரவு கொடுக்க மாட்டார்கள். டெண்டர் வரைக்கும் வந்து உத்தரவு வாங்காமல் நின்றால்தான் சிக்கல். புது மன்றம் வந்து "வடிகால் கீழத்தெருவுக்கு வேண்டாம், மேலத்தெருவுக்குப் போடுவோம்" என்று ஆரம்பிக்கும்.

என் யோசனை: அறிவிப்புக்கு முன் வேலை உத்தரவு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கட்டுவோம். இல்லையென்றால் தலைவர் தேர்தல் முடிந்து முதல் சாதாரணக் கூட்டம் நடக்கும்வரை பணம் சங்கக் கணக்கிலேயே இருக்கட்டும். கட்டுவது எதுவானாலும் பேரூராட்சி பெயரில் வரைவோலை. கவுன்சிலர் கையில் ரொக்கம் கூடாது. தீர்மான எண்ணும் தேதியும் உள்ள நகலை வாங்கிவிட வேண்டும். "தலைவர் சொல்லிவிட்டார்" என்பது தீர்மானம் ஆகாது. சங்கப் பெயர் போட்ட பேனர் எந்த வேட்பாளர் பக்கத்திலும் அந்த நாட்களில் கட்டக் கூடாது.

ஓட்டுப் போட நினைப்பவர்கள்: வெளியூரில் இருப்பதற்காகத் தபால் ஓட்டு கிடையாது, நேரில் வர வேண்டும். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரிக்கப்படுகிறது. பெயரைச் சென்னைக்கு மாற்றியவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. மற்றவர்கள் டிக்கெட் போடுமுன் பெயர் இருக்கிறதா, எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

செயற்குழு சார்பில்

பதில்:

அண்ணாச்சி, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் பேரூராட்சி இல்லை, ஊராட்சி. அவர்களுக்குக் கணக்கே வேறு. நெல்லை, தென்காசி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் தேர்தல் நடந்தது, ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி பார்ப்பது ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் போடுகிற பச்சை, மஞ்சள் சீட்டில்தான். தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஆனால் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், பணம் எடுக்க ரெண்டு பேர் ஒப்பமும் வேண்டும். ரெண்டு பேரும் ரெண்டு அணி என்றால் தெருவிளக்கு பல்பு வாங்குகிற பில் கூட மாசக் கணக்கில் கிடக்கும். அங்கே நூலகத்துக்குப் பணம் கொடுக்குமுன் தலைவர் யார் என்று மட்டும் கேட்காமல், துணைத் தலைவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.