கனடாவின் ‘டூக்’: இச்சொல்லை நீங்கள் அறிந்துகொண்டது எவ்வாறு?

கனடாவில் குடியேறிய முதல் ஆண்டின் நவம்பரில், மகளின் பள்ளியிலிருந்து வந்த குறிப்பொன்றில், பிள்ளைகள் நாள்தோறும் கையுறை, பனிக்காலணி ஆகியவற்றோடு, நான் ‘டோக்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு பொருளையும் அணிந்துவர வேண்டும் என்றிருந்தது. அகராதியைப் புரட்டியபோது, சமையற்கலைஞர்கள் அணியும் உயரமான வெள்ளைத் தொப்பி என்றே பொருள் கிடைத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எதற்கு என்று விளங்காமல் அவளை வெறுந்தலையோடு அனுப்பிவிட்டேன். மாலையில் காதுமடல்கள் சிவந்து, தொட்டாலே வலிக்கும் நிலையில் அவள் வந்து நின்றது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. மறுநாள் அவளுடைய ஆசிரியை அச்சொல்லை ‘டூக்’ என்று ஒலித்துக் காட்டி, காதுகளை மூடும்படி கம்பளி நூலால் பின்னிய, விளிம்பில்லாத குல்லாவைத்தான் இந்நாட்டில் அப்படி அழைக்கிறார்கள் என்றும், எழுதும் முறை பலவாக இருந்தாலும் ஒலிப்பு ஒன்றே என்றும் பொறுமையாக விளக்கினார். புதிதாகக் குடியேறுவோருக்குத் தரும் குறிப்புகளில் இச்சொல்லின் அருகே ஒரு படமாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

நான் இச்சொல்லை மாண்ட்ரியலில் கற்றேன். கடினமான பணி ஒன்றைத் தொடங்கிய நாளில், உடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் பிரெஞ்சு மொழியில் “உன் டூக்கைக் கட்டிக்கொள்” என்றார். வரவிருக்கும் வேகத்துக்கும் சிரமத்துக்கும் ஆயத்தமாக இரு என்பது அதன் பொருள். மாண்ட்ரியல் அமைந்துள்ள, பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாண மக்களின் அன்றாட வழக்கு அது. ஆங்கிலம் பேசும் கனடியர்களும் இச்சொல்லைக் கனடியப் பிரெஞ்சிலிருந்தே பெற்றனர். பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக அங்கு எழுந்த 1837-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை நினைவூட்டும் வகையில் ஓவியர் ஆன்றி ஜூலியன் வரைந்த முதியவரின் படத்தை அந்தப் பணித்தோழர் பின்னர் எனக்குக் காட்டினார். கையில் துப்பாக்கி, வாயில் புகைக்குழாய், தலையில் டூக் என நடக்கும் அந்த உருவத்தைப் பார்த்த பிறகு, அதை வெறும் குளிர்கால உடையாக என்னால் கருத முடியவில்லை.

*

எல்லை கடந்து அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு கடையில் ‘டூக்’ கேட்டேன், விற்பனையாளருக்குப் புரியவில்லை. கையால் காட்டியதும் ‘பீனி’ என்று சொல்லி எடுத்துத் தந்தார். வீட்டில் நாங்கள் ‘குல்லா’ என்கிறோம். அதுவும் ‘குலாஹ்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்றாலும், இப்பொருளுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ‘தொப்பி’ என்று சொன்னால், பிள்ளைகள் முன்விளிம்பு வைத்த வெயில் தொப்பியை எடுத்துவருகிறார்கள்.