கால் சைன் காற்றுக்கு, கதவு எண் எதற்கு?

மொட்டைமாடி, தருமபுரி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ் ரேடியோவில் பேசும் அனுமதி, வைத்திருப்பவர்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. குரல்தான் அடையாளம். அதனால் முதல் நாள் நம்மிடம் யார் எப்படிப் பேசினார்கள் என்பது மனதில் தங்கிவிடுகிறது. என்னுடையதை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. 36 வயதில்தான் தேர்வு எழுதினேன். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலை, மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக ஒலியில் செய்தி அனுப்புவது) கிடையாது. ரேடியோ பாடம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. காயிலும் கெப்பாசிட்டரும் தினமும் கையில் புழங்குவதால் முதல் பகுதி சுலபம். விதிமுறைகள்தான் உயிரை வாங்கின. கடை சாத்திவிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான க்யூ கோடுகளை மனப்பாடம் செய்வேன். அப்போது ஆறாவது படித்த மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். பெங்களூருவில் தேர்வு எழுதி, பாஸாகி, அரசின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்துக் காத்திருந்து, வி.யூ.3 என்று தொடங்கும் கால் சைன், அதாவது ரேடியோவில் என்னை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும், கைக்கு வந்த அன்று லைசென்ஸை லேமினேட் செய்து கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

அன்று சாயங்காலமே மொட்டை மாடிக்குப் போனேன். கையில் 5 வாட் ஹேண்ட்செட், பக்கத்தில் மகள். நம் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும், மலை மேலிருக்கும் ரிப்பீட்டரில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் பேசாமல் கேட்டேன். ஒருவர் முடித்ததும் பட்டனை அழுத்திக் கால் சைனைச் சொன்னேன்.

"யாருங்க அது, கால் சைன் சொல்லாம உள்ள வர்றது?"

சொன்னேனே என்று நினைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.

"லைசென்ஸ் இல்லாம செட்டை வாங்கி வெச்சுக்கிட்டு வந்துடறானுங்க. மொதல்ல ரூல்ஸ் படிச்சுட்டு வாய்யா."

மற்ற நாலு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து செட் வழுக்கியது. "அப்பா, நீ சொன்னியேப்பா" என்றாள் மகள். அந்தக் குரலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் ஏழு மாதம் நான் பட்டனைத் தொடவில்லை. கேட்பதோடு சரி. ஒருநாள் ராத்திரி நெட், அதாவது எல்லோரும் குறித்த நேரத்தில் கூடிப் பேசுவது, முடியும்போது ஒரு வயதானவர், "பேசாம கேட்டுக்கிட்டே இருக்கறவங்க யாராவது இருந்தா வாங்க, அவசரமில்ல" என்றார். எப்படியோ அழுத்திவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, உங்க கால் சைன்ல முன்பாதியை ரிப்பீட்டர் முழுங்கிடுது. பட்டனை அழுத்தி ஒரு மூச்சு விடுங்க, அப்புறம் பேசுங்க."

நம் செட் அனுப்பும் காதுக்குக் கேட்காத டோனை ரிப்பீட்டர் அடையாளம் கண்டு திறப்பதற்கு ஒரு வினாடி வரைகூட ஆகும். அதற்குள் நான் 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ' (வி.யூ.3) வரைக்கும் சொல்லிவிடுவேன். வெளியே போனது வால் மட்டும். திட்டியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு ஏழு மாதம் மிச்சம்.

கேட்கும் காரணம் இதுதான். 12 வயது நிரம்பினாலே தேர்வு எழுதலாம். மகள் இப்போது பத்தாவது, எழுதப்போகிறேன் என்கிறாள். பெண் பிள்ளை கால் சைன் சொல்லிப் பேசினால் என்னென்ன வரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரோஜாக்காடு, ஓசூர்

அண்ணா, உங்கள் மகளுக்காக இதை எழுதுகிறேன். இதுவரை வெளியில் எழுதியதில்லை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அந்தமானில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தபோது சுனாமி வந்ததும், அந்த நிலையத்தை வைத்தே அவர் செய்திகளைக் கரை சேர்த்ததும் கல்லூரியில் படிக்கும்போது தெரியவந்தது. அதனால்தான் லைசென்ஸ் வாங்கினேன். 24 வயது. ஓசூர் என்பதால் பெங்களூரு பக்கத்து ரிப்பீட்டர்கள் நன்றாகக் கிடைக்கும். பாதி கன்னடம், பாதி தமிழ் என்று பேச்சு போகும். பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னிடம் மிக மரியாதையாகத்தான் இருந்தார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்த உற்சாகத்தில் ஹாம்களின் விவரங்கள் இருக்கும் க்யூ.ஆர்.இசட். தளத்தில் பக்கம் திறந்தேன். முகவரி கேட்ட இடத்தில் வீட்டு எண், தெரு எல்லாம் நிரப்பினேன். எல்லோரும் நிரப்பியிருந்தார்கள், நானும் நிரப்பினேன். மொபைலில், நாம் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஏ.பி.ஆர்.எஸ். செயலி போட்டு என் இடம் வரைபடத்தில் தெரிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வேலைக்குப் போகும் பாதை, திரும்பி வரும் நேரம் எல்லாம் புள்ளி புள்ளியாக அதில் பதிந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "மேடம், உங்க கால் சைன் கேட்டேன். இன்னிக்கு உங்க தெரு வழியா வந்தேன். மாடியில ஆண்டெனா பார்த்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் லேட்டா வர்றீங்களே, ஷிஃப்டா?" குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பது போலத்தான் கேட்டார். அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போனை வைத்துவிட்டு அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மாடிக்கதவைப் பூட்டினேன்.

அடுத்த நாள் நான் இருந்த ஒரு குழுவில் இதைச் சொன்னேன். "ஹாம்னா திறந்த புத்தகம்மா. பயமா இருந்தா லைசென்ஸ் எதுக்கு?" என்று ஒரு மூத்தவர் எழுதினார். பலர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

நான் கால் சைனை மறைக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. யார் பேசுகிறார்கள் என்பது தெரிய வேண்டும், அது சர்வதேச விதி. பேச்சைச் சங்கேதமாக்கக் கூடாது, அதுவும் நியாயம். ஆனால் என் தெருப் பெயரைச் சொல்லச் சொல்லி எந்த விதி இருக்கிறது? ஏ.பி.ஆர்.எஸ். இடக்குறிப்பு, அட்சரேகை டிகிரியின் ஒரு நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் போகும். அதாவது சுமார் 18 மீட்டர், வீட்டு வாசல்! அதிலேயே கடைசி இலக்கங்களை விட்டுவிட்டு அனுப்பும் வசதியும் இருக்கிறது. இதை எனக்கு முதல் வாரமே ஒருவர் காட்டியிருக்கலாம்.

அண்ணா, மகளை எழுத வையுங்கள். நான் லைசென்ஸை விடவில்லை. முகவரியை எடுத்தேன், செயலியை எடுத்தேன், போன் எண்ணை மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி பேச ஆரம்பித்தேன்.

புளியமரம், பாலக்கோடு

இரண்டு பேர் எழுதியதையும் இரண்டு தரம் படித்தேன். எனக்கு வயது 70க்கு மேல். தம்பி, உங்களைத் திட்டிய குரல் என்னுடையது இல்லை. ஆனால் அதே வார்த்தைகளை நானும் புதியவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய கால் சைனையும் ரிப்பீட்டர் விழுங்கியிருக்குமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.

எங்கள் காலத்தைச் சொன்னால் இந்த முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் புரியும். நான் 1990களின் கடைசியில் தேர்வு எழுதினேன். மோர்ஸில் அனுப்ப வேண்டும், வாங்க வேண்டும். பாஸானபிறகு லைசென்ஸ் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் போலீஸ் விசாரணை. வீரப்பன் காட்டில் இருந்த காலம் அது. இந்தப் பக்கத்து கிராமத்தில் ஒருவன் வயர்லெஸ் கேட்கிறான் என்றால் எப்படிப் பார்ப்பார்கள்? வந்த ஏட்டையா திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, "இதுல காட்டுக்குள்ள பேச முடியுமா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். ஊர்க்காரர்களையும் விசாரித்துவிட்டுப் போனார். அப்புறம் நான் புளியமரத்துக்கும் தென்னைக்கும் நடுவில் 40 மீட்டர் அலைவரிசைக்கு 66 அடி செம்புக் கம்பி கட்டியபோது, இடி விழும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வந்தார். இத்தனையும் தாண்டி வந்தவர்களுக்கு, செட்டை வாங்கிய கையோடு பேச வருகிறவரைக் கண்டால் எரிச்சல் வரும். அது தப்புதான். நாங்கள் பட்டதற்கு நீங்கள் கடன்காரர்கள் இல்லை.

முகவரி விஷயத்தில் எங்களுக்கு வேறு பழக்கம். ஒருவரோடு பேசியதற்குச் சாட்சி க்யூ.எஸ்.எல். கார்டு. ஜப்பானிலிருந்து முதல் கார்டு வந்த நாளில் தபால்காரர் சைக்கிளை வயலோரம் சாய்த்துவிட்டு வரப்பில் நடந்தே வந்து கொடுத்தார். ஃபுஜி மலை படம், பின்பக்கம் பேனாவால் என் கால் சைன், தேதி, நேரம், சிக்னல் தரம் 57. அந்தக் கார்டு என் பீரோவில் இன்னும் இருக்கிறது. முகவரி ஊருக்கெல்லாம் தெரிந்தால்தான் கார்டு வரும். ஹாம்களின் முகவரி அச்சிட்ட கால்புக்கில் நம் பெயர் வருவது பெருமை. அந்தப் புத்தகம் இன்னொரு ஹாமின் மேசையில் இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போனில் தட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் லைசென்ஸ் தரும் எஃப்.சி.சி. தளத்தில் கால் சைனைப் போட்டால் பெயரும் தபால் முகவரியும் வந்துவிடும். அங்கேயும் வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுக்கிறார்கள். கார்டு வேண்டுமென்றால் கார்டுகளைப் பிரித்து அனுப்பும் சங்கத்து அலுவலகமான க்யூ.எஸ்.எல். பீரோ வழியாக வரும், அதற்குக் கால் சைன் போதும். பேசியதை இணையத்திலேயே உறுதிசெய்ய 2003 முதல் லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு இருக்கிறது, கார்டே வேண்டாம்.

ஓசூர் அம்மா, அந்தக் குழுவில் உங்களுக்கு அப்படிப் பதில் சொன்னவர் என் வயதுக்காரராக இருப்பார். அவர் சார்பில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டும் சும்மா இருந்த பெரியவர்களில் ஒருவனாக நினைத்து நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடிப்பெருக்கு, பென்னாகரம்

சார், நான் டிப்ளமோ இரண்டாம் வருடம். இன்னும் லைசென்ஸ் இல்லை, வேறு இடத்து ரேடியோவை இணையத்தில் கேட்க வைக்கும் வெப் எஸ்.டி.ஆர். வழியாகக் கேட்பதோடு சரி. தேர்வுக்குப் படிக்கிறேன். நேற்று ஒரு குழுவில் சேர்ந்ததும் பெயர், ஊர், போன், வீட்டு முகவரி, லொக்கேஷன் எல்லாம் போடச் சொன்னார்கள். போடவில்லை என்றால் நீக்கிவிடுவார்களாம். வரைபடக் கட்டத்தின் குறியீடான கிரிட் லொக்கேட்டர் போட்டாலும் வீடு தெரியுமா?

மொட்டைமாடி, தருமபுரி

தம்பி, நாலு எழுத்து கிரிட் போட்டால் வீடு தெரியாது. பென்னாகரம் எம்.கே.82. அந்தக் கட்டம் கிழக்கு மேற்காக 217 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 111 கிலோமீட்டர். ஓசூரும் மைசூரும்கூட அதற்குள்தான். 78 டிகிரி தீர்க்கரேகை நமக்கு நடுவில் போவதால் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் எம்.கே.92 ஆகிவிடும். ஆறு எழுத்து என்றால் சுமார் 9க்கு 4.6 கிலோமீட்டர், ஊர் தெரியும். எட்டு எழுத்துக்குப் போகாதே, அது ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். குழுவில் பெயரும் கட்டமும் கொடு. அதற்கு மேல் கேட்டு நீக்கினால் நீக்கட்டும்.

பெரியவரே, உங்கள் 66 அடி கம்பி இன்னும் புளியமரத்தில் இருந்தால் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறேன். அவளுக்கு அந்த ஜப்பான் கார்டைக் காட்ட வேண்டும்.

ஓசூர் தங்கச்சி, நீங்கள் எழுதியதை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "அந்த அக்கா மறுபடி பேச ஆரம்பிச்சாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். ஏ.பி.ஆர்.எஸ். பகுதியைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

பென்னாகரம் தம்பி, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை திறந்திருக்கும். விதிமுறைப் புத்தகத்தோடு வா, மூன்று பேருமாக உட்கார்ந்து படிக்கலாம். கடை எங்கே என்று உனக்குத் தனியாக எழுதுகிறேன்.