சப்-ஊஃபர் ஆம்ப் கெயின்: பாதி வழியில் சத்தம் நின்றுவிடுகிறது

வணக்கம். ஊர் கும்பகோணம், வண்டி 2016 ஸ்விஃப்ட் டீசல். மூன்று வாரத்துக்கு முன் டிக்கியில் 12 இன்ச் சப்-ஊஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டேன். 250 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் சக்தி), 4 ஓம். ஆம்ப்ளிஃபையர் மோனோபிளாக் (ஒரே சேனல்), 4 ஓமில் 300 வாட்ஸ்.

வாசலில் நிற்கும்போது அருமையாகப் பாடுகிறது. மன்னார்குடிக்குக் கிளம்பினால் நீடாமங்கலம் வருவதற்குள் பேஸ் உடைந்து, ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து, சத்தம் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் அணைத்து வைத்தால் திரும்ப வருகிறது. அப்பாவுக்காகப் போட்டது இது. தவிலின் தொப்பிப் பக்கம் நெஞ்சில் வந்து அடிக்க வேண்டும் என்பார். அந்த அடிதான் முதலில் கரகரக்கிறது.

கெயினை (ஸ்டீரியோ சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு) மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்த்தேன். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், எல்பிஎஃப் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வால்யூம் 40க்கு 30. சப்-ஊஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனில் ஆம்ப் அவுட்புட்டில் 31.6 வோல்ட் (250 வாட்ஸ் × 4 ஓம் = 1000, அதன் வர்க்கமூலம்). 25 வோல்ட்டுக்கு இறக்கியும் பார்த்தாயிற்று. நிற்பது கொஞ்சம் தள்ளிப்போனதே தவிர தீரவில்லை. கிரவுண்டை சீட் போல்ட்டிலிருந்து எடுத்து, பெயிண்டைச் சுரண்டி பாடியிலேயே முறுக்கினேன். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு சிக்னல் வரும் ஆர்சிஏ வயரும் புதுசு.

ஒன்று உறுத்துகிறது. இன்ஜின் ஓட்டத்தில் பேஸ் அடிக்கும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் நிற்கிறது, ஆம்ப் முனையில் மட்டும் 11.8 வரை விழுகிறது. பவர் வயர் 8 கேஜ், செம்பு பூசிய அலுமினியம். கடையில் போதும் என்றார்கள்.

கெயினை இன்னும் இறக்குவதா, முழுச் செம்பில் இதைவிடத் தடிமனான 4 கேஜ் வயர் இழுத்துவிட்டு மறுபடி கெயின் வைப்பதா, எதை முதலில் செய்யலாம்?